நெட்ஃபிளிக்ஸ் ஓடுகிறது, வீட்டு ரெக்கார்டர் திக்குகிறது: ஏன்?

கேள்வி:

நாங்கள் அமெரிக்காவில், நியூஜெர்சியின் எடிசன் நகரில், ஒரு வரிசை வீட்டில் குடியிருக்கிறோம். கேபிள் டி.வி.க்கு மாதாமாதம் கட்டியது போதும் என்று, பரணில் ஓர் ஆன்டெனா வைத்து, இலவசமாக வரும் சேனல்களைப் பதிவுசெய்ய ஒரு ரெக்கார்டர் பெட்டி வாங்கினோம். பெட்டி பேஸ்மென்ட்டில் இருக்கிறது. அங்குள்ள டி.வி.யில் பதிவுகள் கண்ணாடிபோலத் தெரிகின்றன. திருச்சியிலிருந்து வந்திருக்கும் என் மாமனாருக்கு முழங்கால் வலி, படி இறங்க முடியாது. அதனால் மாடி அறை டி.வி.யில் வைஃபை வழியாக அதே பதிவுகளைப் போட்டுக் கொடுக்கிறேன். பி.பி.எஸ். சேனலின் 'நோவா', 'நேச்சர்' இரண்டும் அவருக்கு உயிர். பகலில் ஒருமாதிரி ஓடிவிடுகிறது. இரவு எட்டு மணிக்கு மேல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை படம் உறைந்து நிற்கிறது. அதே டி.வி.யில் நெட்ஃபிளிக்ஸ் போட்டால் ஒரு தொல்லையும் இல்லை. இணைய வேகத்தை 300 மெகாபிட்டிலிருந்து ஒரு கிகாபிட்டுக்கு உயர்த்தியும் மாற்றமில்லை. எங்கிருந்தோ வரும் நெட்ஃபிளிக்ஸ் தடங்கலில்லாமல் வரும்போது, இரண்டு மாடிக்குக் கீழே என் வீட்டுக்குள்ளேயே இருக்கும் பதிவு மட்டும் ஏன் திக்குகிறது?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கேள்வியின் கடைசி வரியைப் படித்ததும் மகிழ்ச்சியாக இருந்தது. பலர் "வைஃபை சரியில்லை" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். நீங்கள் தொலைவையும் அருகையும் ஒப்பிட்டுப் பார்த்து, இது கணக்கில் இடிக்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். விடைக்குப் போகும் வழி அந்த ஒப்பீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

முதலில், செலவு வைத்த அந்தத் தவறான எண்ணத்தை ஓரமாக வைத்துவிடுவோம். படம் திக்கினால் இணைய வேகம் போதவில்லை என்று அர்த்தம் என நாம் எல்லோரும் பழகிவிட்டோம். இணைய நிறுவனத்துக்குத் தொலைபேசியில் அழைத்தாலும் பெரிய திட்டத்துக்கு மாறச் சொல்வார்கள். ஆனால் உங்கள் பதிவு மாமனாரின் அறைக்குப் போகும் பாதையை விரலால் தொட்டுப் பாருங்கள். பேஸ்மென்ட் பெட்டியிலிருந்து ரவுட்டருக்கு, ரவுட்டரிலிருந்து மாடி டி.வி.க்கு. அவ்வளவுதான். ரவுட்டர் என்பது வீட்டுக் கருவிகளுக்கு இடையே தபால் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. அதன் பின்புறம் இணைய நிறுவனத்தின் கம்பி ஒன்று செருகியிருக்கும். உங்கள் 'நோவா' அந்தக் கம்பிப் பக்கமே போவதில்லை. நீங்கள் வாங்கிய ஒரு கிகாபிட் வீட்டு வாசலுக்கு வெளியே இருக்கும் சாலையின் அகலம். கூடத்திலிருந்து சமையலறைக்குப் போகிறவருக்கு வாசல் சாலை எத்தனை அகலமாக இருந்தால் என்ன?

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது, ரவுட்டருக்கு வரும் இணையக் கம்பியை மட்டும் ஐந்து நிமிடம் கழற்றி வையுங்கள். ரவுட்டரின் மின்சாரத்தைத் தொடவேண்டாம். படம் தொடர்ந்து ஓடும். சில பெட்டிகள் தொடங்கும் நேரத்தில் மட்டும் சந்தா கணக்கைச் சரிபார்க்க இணையம் கேட்கும், அதனால்தான் ஓடத் தொடங்கிய பிறகு கழற்றச் சொல்கிறேன்.

இன்னொரு சிறு சோதனையும் உண்டு. அதை முடிக்காமல் மேலே போகக் கூடாது. படம் கெட்டதும் முப்பது நொடி பின்னால் ஓட்டி, அதே இடத்தை மறுபடி பாருங்கள். அதே இடத்தில், அதே சொல்லில் மறுபடியும் கெட்டால், குறை பதிவிலேயே இருக்கிறது. அதாவது பதிவாகும் நேரத்தில் ஆன்டெனா சரியாகப் பிடிக்கவில்லை. அப்போது பெரும்பாலும் படம் சதுரம் சதுரமாக உடையும், பேஸ்மென்ட் டி.வி.யிலும் அதே நொடியில் உடையும். மறுமுறை அந்த இடம் நன்றாக ஓடி, வேறெங்கோ போய் நின்றால், குறை வழியில் இருக்கிறது. கீழே கண்ணாடிபோலத் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்து உங்களுடையது இரண்டாம் வகை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது நெட்ஃபிளிக்ஸுக்கு வருவோம். அது ஏன் நிற்பதில்லை?

அது கெட்டிக்காரத்தனமாக விட்டுக்கொடுத்துப் போகிறது என்பதுதான் காரணம். நெட்ஃபிளிக்ஸும் யூடியூபும் ஒரே படத்தைப் பல தரங்களில் முன்கூட்டியே சுருக்கித் தயாராக வைத்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் சில நொடித் துண்டுகளாக நறுக்கியும் வைத்திருக்கின்றன. உங்கள் டி.வி. ஒவ்வொரு துண்டாகக் கேட்டு வாங்குகிறது. வழி நெரிசலானால், அடுத்த துண்டைக் கொஞ்சம் மட்டமான தரத்தில் கேட்டுக்கொள்கிறது. முகத்தின் சுருக்கங்கள் சற்று மழுங்கும், தூரத்து இலைகள் பச்சைப் பூச்சாகும். கதையில் ஆழ்ந்திருக்கும் நாம் அதைக் கவனிப்பதில்லை. இரவு எட்டு மணிக்கு உங்கள் நெட்ஃபிளிக்ஸும் தரத்தை இறக்கிக்கொண்டிருக்கக்கூடும். அது உங்களிடம் சொல்வதில்லை, அவ்வளவுதான். சிறந்த தரத்தில் வந்தாலும் அதன் தேவை பெரிதல்ல. முழு ஹெச்.டி. படத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட், 4கே படத்துக்கு 15 மெகாபிட் போதும் என்று நெட்ஃபிளிக்ஸே சொல்கிறது. மெகாபிட் என்பது பத்து லட்சம் பிட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட்.

உங்கள் ரெக்கார்டர் வேறு மாதிரி. அமெரிக்க டி.வி. நிலையம் ஒன்றுக்கு ஒதுக்கப்பட்ட 6 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நொடிக்கு 19.39 மெகாபிட் தகவல் வருகிறது. அந்த அளவுக்குள் நிலையம் தன் முதன்மைச் சேனலையும் இரண்டு மூன்று துணைச் சேனல்களையும் அடைக்கிறது. துணைகளுக்குப் போனது போக, ஹெச்.டி. நிகழ்ச்சிக்குப் பெரும்பாலும் 10 முதல் 15 மெகாபிட் வரை கிடைக்கும். ரெக்கார்டர்களில் பெரும்பாலானவை இதை உள்ளபடியே, ஒரு பிட்டும் குறைக்காமல், வன்தட்டில் எழுதி வைத்துக்கொள்கின்றன. நொடிக்கு 12 மெகாபிட் என்று வைத்தாலும் ஒரு மணி நேரத்துக்கு 5.4 கிகாபைட் ஆகிவிடும்.

இவ்வளவு பெரிதாக இருப்பதற்கும் காரணம் உண்டு. அந்த ஒளிபரப்பில் படத்தைச் சுருக்கப் பயன்படும் முறை எம்பெக்-2. டி.வி.டி. தட்டுகளில் இருந்ததும் அதுதான், 1990களின் நடுப்பகுதியில் உருவானது. இதே படத்தை இன்றைய முறைகள் அதில் பாதிக்கும் குறைவான இடத்தில் அடக்கிவிடும். ஆனால் அமெரிக்காவில் கோடிக்கணக்கான வீட்டு டி.வி.க்கள் எம்பெக்-2ஐ நம்பியே வாங்கப்பட்டவை. 2009 ஜூன் 12 அன்று பெரிய நிலையங்கள் பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்தியபோது, மக்கள் புதிதாக வாங்கியதெல்லாம் இந்த முறையில் இயங்கும் கருவிகளே. நிலையங்களால் அதை ஒரே நாளில் உதறிவிட முடியாது.

ஆக, நெட்ஃபிளிக்ஸ் 5 கேட்கும் இடத்தில் உங்கள் 'நேச்சர்' 12, 15 என்று கேட்கிறது. அதைவிட முக்கியம், அதற்கு ஒரே ஒரு வடிவம்தான் உண்டு. நெரிசலானால் மெலிந்துகொடுக்கத் தெரியாது. முழுதாக வரும், இல்லாவிட்டால் நிற்கும்.

இங்கே நீங்கள் ஒரு மறுப்பு சொல்லலாம், சொல்லவும் வேண்டும். "என் ரவுட்டர் அட்டைப்பெட்டியில் 1,200 மெகாபிட் என்று போட்டிருக்கிறதே, அதற்கு 15 ஒரு பொருட்டா?" என்று. நியாயமான மறுப்பு. உண்மையான காரணம் இதற்குப் பின்னால்தான் ஒளிந்திருக்கிறது.

வைஃபை என்பது ஒரே அறையில் பலர் உட்கார்ந்து பேசுவது போன்றது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். இருவர் ஒன்றாகப் பேசினால் யார் சொன்னதும் புரியாது, இருவருமே மறுபடி சொல்ல வேண்டும். அதனால் ஒவ்வொரு கருவியும் பேசுவதற்கு முன் காதைத் தீட்டிக் கேட்கிறது. அமைதியாக இருந்தால் ஒரு சிறு கணம் பொறுத்து, ஒரு சிறு பொட்டலம் அனுப்புகிறது. இந்தப் பொட்டலத்தைப் பாக்கெட் என்பார்கள். "வந்தது" என்று எதிர்ப்பக்கம் ஒப்புதல் சொன்ன பிறகே அடுத்தது. இந்தக் காத்திருப்பும் ஒப்புதலும் நேரத்தைத் தின்பதால், அட்டைப்பெட்டியில் அச்சிட்ட வேகத்தில் பாதி கைக்கு வந்தாலே நல்லது. அதுவும் ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்றால்தான். ஒவ்வொரு சுவரையும் தளத்தையும் தாண்டத் தாண்ட, குரல் மங்கி, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டி வருகிறது. ஆகவே வைஃபையில் நாம் பார்க்க வேண்டியது நேரக் கணக்கு: ஒரு நொடியில் எத்தனை பங்கு நேரம் யார் பேசுகிறார்கள் என்பது.

உங்கள் வீட்டுக்கு அந்தக் கணக்கைப் போடுவோம். எண்கள் என் ஊகம்தான், ஆனால் இப்படிப்பட்ட வீடுகளில் இவை சாதாரணமாக வரக்கூடியவை. ரெக்கார்டரும் டி.வி.யும் இரண்டுமே வைஃபையில், ஒரே அலைவரிசையில் இருக்கின்றன என்று வையுங்கள். பேஸ்மென்ட்டிலிருந்து ரவுட்டருக்கு நிஜமாகக் கிடைக்கும் வேகம் 40 மெகாபிட். ரவுட்டரிலிருந்து மாடிக்கு 30. பதிவு 15 மெகாபிட். ரெக்கார்டர் ரவுட்டருக்கு அனுப்ப, ஒவ்வொரு நொடியிலும் 15-ஐ 40-ஆல் வகுத்த அளவு, அதாவது 0.375 நொடி, காற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. வாங்கியதையே ரவுட்டர் டி.வி.க்கு மறுபடி சொல்ல வேண்டும். அதற்கு 15-ஐ 30-ஆல் வகுத்தால் 0.5 நொடி. இரண்டும் சேர்த்து 0.875 நொடி. நொடியில் எட்டில் ஏழு பங்கு தீர்ந்துவிட்டது! மிச்சம் இருக்கும் எட்டில் ஒரு பங்கில் உங்கள் கைபேசிகள், பிள்ளைகளின் லேப்டாப், வாசல் கேமரா எல்லாம் பேசியாக வேண்டும்.

நெட்ஃபிளிக்ஸ் ஏன் தப்பித்துக்கொள்கிறது என்பதும் இப்போது இன்னும் தெளிவாகிறது. அது ரவுட்டர் வரை கம்பியில் வந்துவிடுகிறது. காற்றில் ஒரே ஒரு முறைதான் பயணம். வீட்டுக்குள் இருக்கும் பதிவோ காற்றில் இரண்டு முறை பயணம் செய்கிறது. நெடுந்தொலைவு கடந்து வருவது சுலபமாக இருக்க, இரண்டு மாடி ஏறுவது கடினமாக இருப்பதன் ரகசியம் இந்த இரட்டைப் பயணம்தான்.

இரவு எட்டு மணி ஏன்? இரவில் ஊரே இணையம் பார்ப்பதால் வேகம் குறைகிறது என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். இணையம் இந்தப் பாதையிலேயே இல்லை என்று பார்த்துவிட்டோம். ஆனால் ஊர் முழுதும் பார்ப்பதில் ஓர் உண்மை இருக்கிறது. உங்களுடையது வரிசை வீடு, இரு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். வைஃபையின் பழைய 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் அமெரிக்காவில் மூன்றே மூன்றுதான்: 1, 6, 11. உங்கள் தெருவில் பன்னிரண்டு ரவுட்டர்கள் இருந்தால் ஒரு தடத்துக்கு நான்கு பேர். பக்கத்து வீட்டு வைஃபையின் கடவுச்சொல் வேறு, ஆனால் காற்று பொது. அவர்கள் வீட்டு டி.வி. பேசும்போது உங்கள் ரெக்கார்டர் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறது. எட்டு மணிக்கு அவர்களும் சாப்பிட்டுவிட்டு டி.வி. முன் உட்காருகிறார்கள். உங்களிடம் மிச்சமிருந்த அந்த எட்டில் ஒரு பங்கு அப்போது காலி.

சாப்பாடு என்றதும் மைக்ரோவேவ் அடுப்பும் நினைவுக்கு வருகிறது. அதுவும் 2.45 கிகாஹெர்ட்ஸ் அருகேதான் வேலை செய்கிறது. கதவு இடுக்கில் கசியும் கொஞ்சம் அலையே வைஃபைக்குக் கூச்சலாகிவிடும். மாமனாருக்குப் பால் சுடவைக்கும் இரண்டு நிமிடத்தில் படம் நிற்கிறதா என்று ஒருநாள் கவனித்துப் பாருங்கள். நின்றால், உங்கள் கருவிகள் 2.4 பட்டையில் இருக்கின்றன என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

இன்னும் ஒரு படி இருக்கிறது. நெரிசல் சில நொடிதானே நீடிக்கிறது, அதற்காகப் படம் ஏன் நிற்க வேண்டும்? இதை நம் ஊர்த் தண்ணீர்த் தொட்டியை வைத்துப் புரிந்துகொள்ளலாம். மாநகராட்சித் தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம்தான் வரும். மாடியில் தொட்டி இருந்தால் சமையலறைக் குழாயில் நாள் முழுதும் தண்ணீர் வரும். தொட்டி இல்லாத வீட்டில், தெருவில் நின்ற கணமே குழாயிலும் நிற்கும். டி.வி.க்குள்ளும் இப்படி ஒரு தொட்டி உண்டு. பஃபர் என்பார்கள், வருவதை முன்கூட்டியே சேமித்து வைக்கும் நினைவகம். நெட்ஃபிளிக்ஸ் தன் தொட்டியில் அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று நிரப்பி வைத்துக்கொள்கிறது. ரெக்கார்டர்களின் செயலிகள் பலவற்றில் தொட்டி ஒரு சொம்பு அளவுதான், சில நொடி. அவை நேரலையையும் காட்ட வேண்டும், ரிமோட்டில் விளம்பரத்தைத் தாண்டும்போது உடனே பதில் சொல்லவும் வேண்டும். பெரிய தொட்டி வைத்தால் அந்தச் சுறுசுறுப்பு போய்விடும். அதனால் காற்றில் இரண்டு மூன்று நொடி இடைவெளி விழுந்தாலும் படம் உறைகிறது. கைபேசியில் வேகச் சோதனை செய்து "நன்றாகத்தானே காட்டுகிறது" என்று பலர் குழம்புவதும் இதனால்தான். அந்தச் சோதனை பத்துப் பதினைந்து நொடிச் சராசரியைச் சொல்கிறது. நடுவே விழுந்த இரண்டு மூன்று நொடிப் பள்ளம் சராசரியில் தூர்ந்துவிடும்.

இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்கு இது முதல் நாளிலிருந்தே தெரியும் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். டிவோ ரெக்கார்டர் விற்பனைக்கு வந்தது 1999இல். 2001இல் இன்னொரு ரெக்கார்டரான ரீப்ளே டி.வி.யின் 4000 வரிசைப் பெட்டிகள், ஓர் அறைப் பதிவை இன்னோர் அறைப் பெட்டியில் பார்க்க வழிசெய்தன. பதிவை இணையம் வழியாக வெளியாருக்கு அனுப்பவும், விளம்பரத்தைத் தானாகத் தாண்டவும் அவற்றால் முடிந்ததால் தொலைக்காட்சி நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 2003இல் டிவோ அதே அறைவிட்டு அறை வசதியை 99 டாலருக்குக் கொடுத்தது. அன்றைய வைஃபைக்கு நொடிக்கு 11 மெகாபிட் என்று பெயர், கைக்கு வந்தது அதில் பாதி. அதனால் டிவோ ஒரு தந்திரம் செய்தது. நிகழ்ச்சியை இரண்டாவது பெட்டியின் தட்டுக்கே நகலெடுத்தது. நகல் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்கத் தொடங்கலாம், வழியில் தடங்கல் வந்தாலும் நகலெடுப்பதுதான் தாமதமாகும். இந்த முறை எனக்கு இன்றும் பிடிக்கும். தொட்டிக்குப் பதில் ஏரியே வெட்டிவிட்டார்கள்.

பிறகு ஹெச்.டி. வந்தது, நிகழ்ச்சிகள் பல மடங்கு பெரிதாயின. 2013இல் டிவோ மினி என்ற சிறு பெட்டி வெளியானபோது, அதில் தட்டு கிடையாது, முதன்மைப் பெட்டியிலிருந்து வாங்கிக் காட்டுவது மட்டும்தான் வேலை. அதற்கு வைஃபை ஆதரவே கொடுக்கவில்லை. கம்பி இழுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அன்று பலர் கோபப்பட்டார்கள். என் பார்வையில் அது நேர்மையான முடிவு. 2014இல் டிஷ் என்ற டி.வி. நிறுவனம், இதே வேலைக்கு, கம்பியில்லாத ஜோயி என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. அது வீட்டு வைஃபையைத் தொடவே இல்லை. முதன்மைப் பெட்டியோடு கம்பியால் இணைந்த தனி அனுப்புகருவி ஒன்றை வைத்து, 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் படத்துக்கென்றே ஒரு தனி வைஃபையை அமைத்துக்கொண்டது. இந்த நிறுவனங்கள் எடுத்த முடிவுகளிலேயே உங்களுக்கான மருந்து இருக்கிறது.

அந்த மருந்து: ரெக்கார்டரைக் கம்பியால் ரவுட்டரோடு இணைத்துவிடுங்கள். டி.வி. வைஃபையிலேயே இருக்கட்டும். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்வார்கள், திக்குவது டி.வி. என்பதால் டி.வி.க்குக் கம்பி இழுக்கப் பார்ப்பார்கள். முழங்கால் வலிக்காரர் நடமாடும் மாடி அறைக்குக் கம்பி கொண்டுபோவது பெரிய வேலை. ரெக்கார்டர் அசையாமல் ஒரே இடத்தில் இருக்கும் பெட்டி, அதற்குக் கம்பி போடுவது சுலபம். பலனும் அங்கேதான் கூடுதல், ஏனென்றால் நாளை நீங்கள் டேப்லெட்டில் பார்த்தாலும், சமையலறை டி.வி.யில் பார்த்தாலும், முதல் பாதிப் பயணம் எப்போதும் கம்பியிலேயே நடக்கும். கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 0.875 நொடி 0.5 ஆகிறது. அதோடு மாடி டி.வி.யை 5 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு மாற்றி, அங்கே நிஜ வேகம் 200 கிடைத்தால், 15-ஐ 200-ஆல் வகுத்து 0.075 நொடி. எட்டில் ஏழு பங்கு கேட்டுக்கொண்டிருந்த பதிவு, பதின்மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். 5 கிகாஹெர்ட்ஸ் சுவர்களைத் தாண்டக் கொஞ்சம் சிணுங்கும். ஆனால் அதன் தடங்கள் பல, அடுத்த வீட்டு அலை உங்கள் சுவரைத் தாண்டுவதும் கடினம். வரிசை வீட்டுக்கு அந்தச் சிணுங்கல் ஒரு வரம்.

ரவுட்டர் தரைத்தளத்தில் இருக்கிறது, பேஸ்மென்ட்டுக்கு ஈதர்நெட் கம்பி இழுக்கத் தளத்தைத் துளைக்க வேண்டுமே என்று கவலைப்படுகிறீர்களா? நீங்கள் முன்பு கேபிள் டி.வி. வைத்திருந்தவர்கள். உங்கள் சுவர்களுக்குள் அந்த வட்டமான தடித்த கேபிள், கோஆக்சியல் என்பார்கள், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கேபிளிலேயே வீட்டு நெட்வொர்க்கையும் ஓட்டும் ஒரு முறை இருக்கிறது. மோக்கா என்று பெயர். ரவுட்டர் பக்கம் ஒரு சிறு பெட்டி, ரெக்கார்டர் பக்கம் ஒரு சிறு பெட்டி. இதன் 2.5 பதிப்பு நொடிக்கு 2,500 மெகாபிட் வரை தாங்கும். ஆன்டெனா சிக்னல் போகும் அதே கேபிளில் இதுவும் போகலாமா என்று கேட்பீர்கள். போகலாம். டி.வி. ஒளிபரப்பு 608 மெகாஹெர்ட்ஸோடு முடிகிறது, மோக்கா 1,100 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் பேசுகிறது, ஒன்றின் குரல் மற்றதன் காதில் விழாது. மூன்று விஷயம் மட்டும் கவனியுங்கள். கேபிளைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரில் 1,675 மெகாஹெர்ட்ஸ் வரை தாங்கும் என்று அச்சிட்டிருக்க வேண்டும், பழையவை பல 1,000-த்தோடு நின்றுவிடும். கேபிள் வழியில் ஆன்டெனா சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர் இருந்தால், மோக்கா அதன் ஊடாகப் போகக் கூடாது. வெளியிலிருந்து கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் மோக்காவுக்கான ஒரு சிறு வடிகட்டி திருகிவிட்டால், உங்கள் பதிவுகள் அடுத்த வீட்டுக் கேபிளுக்குள் எட்டிப் பார்க்காது. டிஷ் ஆன்டெனா வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இது ஒத்துவராது, அந்தக் கேபிளில் இதே அலைவரிசை ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கும்.

மெஷ் வைஃபை வாங்கலாமா என்று கடைக்காரர் கேட்பார். வீட்டில் இரண்டு மூன்று சிறு ரவுட்டர்களை வைத்து ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருப்பிச் சொல்லும் ஏற்பாடு அது. அந்தச் சிறு ரவுட்டர்கள் தங்களுக்குள் கம்பியில் பேசினால் நல்லது. தங்களுக்குள்ளும் காற்றிலேயே பேசினால், இரட்டைப் பயணம் மூன்று பயணமாகும். கம்பி போட வழியே இல்லாத வீட்டுக்குத்தான் அதை நான் சொல்வேன்.

இத்தனைக்குப் பிறகும் திக்கினால், கடைசியாக ஒரு வழி உண்டு. சில ரெக்கார்டர்களில், பதிவை அனுப்பும் முன் அதை உடனுக்குடன் மறுபடி சுருக்கும் வசதி இருக்கிறது. டிரான்ஸ்கோடிங் என்று பெயர், ஒரு சுருக்கு முறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி எழுதுவது. 15 மெகாபிட்டை 4 மெகாபிட்டாக்கிவிடும். அமைப்புப் பக்கத்தில் 'தரம்' என்ற இடத்தில் 'அசல்' என்பதை மாற்றி 'நடுத்தரம்' என்பதுபோல் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். கைபேசியின் சிறு திரைக்கு இது போதும். ஆனால் மாமனார் பார்ப்பது 'நேச்சர்'. பறவைக் கூட்டம் ஒரே நேரத்தில் எழும்பும் காட்சியிலும், மழை பெய்யும் காட்சியிலும்தான் சுருக்கு முறைகள் திணறும், இறகுகள் கலங்கிக் குழம்பாகும். அவருக்குப் பிடித்த காட்சிகளையே விலையாகக் கொடுக்க வேண்டிவரும் என்பதால், இதைக் கடைசியில் வைத்தேன்.

வரும் சனிக்கிழமை காலை, எதுவும் வாங்குவதற்கு முன், ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போய் ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்து, ஒரு சின்ன ஈதர்நெட் கம்பியால் இரண்டையும் இணையுங்கள். ஆன்டெனா கேபிள் அங்கே எட்டாவிட்டாலும் பரவாயில்லை, பழைய பதிவுகளை ஓட்ட அது தேவையில்லை. அன்று இரவு எட்டரைக்கு மாடியில் 'நோவா' ஒன்றைப் போட்டுக் கொடுங்கள். ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடினால் மோக்கா பெட்டிகளை வாங்கலாம். அதன் பிறகு இணைய நிறுவனத்தை அழைத்துப் பழைய 300 மெகாபிட் திட்டத்துக்கே திரும்பிவிடுங்கள். மாமனார் பார்க்கும் பதிவுக்கு அதில் ஒரு பிட்டும் செலவாகாது.